ஏறிய உடனே விழும் விமானம்: திரும்பி வந்து இறக்க முடியாதா?

தேயிலைச்சரிவு | ஹட்டன்

எல்லாருக்கும் வணக்கம். தம்பி உயர்தரம் முடித்துவிட்டு ரத்மலானையில் விமானிப் பயிற்சிக்குச் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அப்பா ஒருமாதிரி சம்மதித்துவிட்டார், அம்மா அசையவில்லை. போதாக்குறைக்கு யாரோ அம்மாவின் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். சின்ன விமானம் ஒன்று ஓடுபாதையை விட்டு எழும்புகிறது, ஒரு பக்கமாகச் சாய்கிறது, மரங்களுக்குப் பின்னால் போய் மறைகிறது, புகை வருகிறது. எந்த நாடு என்றுகூடத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு 2023 ஓகஸ்ட் 7ஆம் திகதி திருகோணமலை சீனக்குடாவில் நடந்ததையும் யாரோ அம்மாவுக்குச் சொல்லிவிட்டார்கள். விமானப்படையின் பிடி-6 பயிற்சி விமானம், ஏறிய சில நிமிடங்களிலேயே விழுந்து உள்ளே இருந்த இருவரும் இறந்தார்கள்.

அம்மா கேட்பது ஒரே கேள்விதான்: "இப்பதானே கிளம்பினது, பின்னாலேயே பாதை கிடக்கு. திரும்பி வந்து இறக்கினா என்ன?" எனக்குப் பதில் தெரியவில்லை, தம்பியும் சமாளிக்கிறான். தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். பூசி மெழுக வேண்டாம்.

மூன்றாம்நம்பர்மலை | பொகவந்தலாவ

தங்கச்சி, எனக்குத் தெரிந்தவரை இதெல்லாம் பழைய விமானங்களால் வருவது. நல்ல அனுபவமுள்ள விமானி என்றால் ஒரு வட்டம் அடித்துத் திரும்பி இறக்கிவிடுவார். பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் அந்த இடத்தில் கை நடுங்கும். அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

வானோடி | பிறந்தது நானுஓயா, இப்போது வெளிநாட்டில்

நான் சிறிய விமானங்களில் பயிற்சி கொடுப்பவன். முதலில் ஒன்று: சீனக்குடாவில் என்ன நடந்தது என்றோ, அந்த வீடியோவில் என்ன நடந்தது என்றோ நான் சொல்லப் போவதில்லை. விசாரித்தவர்கள் சொல்ல வேண்டியது அது. அம்மாவின் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அது நல்ல கேள்வி. அதே எண்ணம்தான் அனுபவமுள்ள விமானிகளையும் கொன்றிருக்கிறது.

கணக்காகவே பார்ப்போம். பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் காணப்படும் செஸ்னா 172ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 4 இருக்கை, ஒரு எஞ்சின். 300 அடி உயரத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. விமானம் உடனே விழுந்துவிடாது. மூக்கைத் தாழ்த்தி 65 நொட் (மணிக்கு 120 கிலோமீட்டர் அளவு) வேகத்தில் பிடித்தால் 1 அடி இறங்க ஏறக்குறைய 9 அடி முன்னே சறுக்கிப் போகும். ஆகவே 300 அடிக்குக் கிடைப்பது 25 செக்கன், தூரம் 800 மீட்டர் சொச்சம்.

அந்த 25 செக்கனில் முதல் 3, 4 செக்கன் "என்ன இது" என்பதிலேயே போய்விடும். யாராக இருந்தாலும் அப்படித்தான். மிச்சம் 21. இப்போது 30 பாகை சாய்த்துத் திரும்புகிறார் என்று வையுங்கள். முகம் பின்பக்கம் திரும்பவே 18 செக்கனுக்கு மேல் எடுக்கும். திரும்பி முடித்த பிறகும் பாதை அவருக்கு நேரே இருக்காது, ஏறக்குறைய 400 மீட்டர் பக்கவாட்டில் தள்ளிக் கிடக்கும். அதற்கு நேராக வர இன்னும் கொஞ்சம் திரும்ப வேண்டும், பிறகு மறுபடி எதிர்ப்பக்கம் நேர்ப்படுத்த வேண்டும். போதாததற்குத் திரும்பும்போது விமானம் வழக்கத்தைவிட வேகமாக இறங்கும். பாதை கண்ணுக்குத் தெரியும், ஆனால் போய்ச் சேர முடியாது.

இந்த இடத்தில்தான் ஆபத்து. தரை நெருங்கி வருகிறது, பாதை இன்னும் பக்கத்திலேயே இருக்கிறது. கை தானாகவே இன்னும் சாய்க்கும், மூக்கை இன்னும் இழுக்கும். பஸ் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையை நீட்டிப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் நிமிர்த்தினால் கை மேலே எழும்பும், அளவுக்கு மிஞ்சி நிமிர்த்தினால் எழும்பாமல் பின்னால் தள்ளப்படும். இறக்கைக்கும் அந்த எல்லை உண்டு. நேராகப் பறக்கும்போது 50 நொட்டில் அந்த எல்லை வருகிறது என்றால், உயரத்தை விடாமல் 45 பாகை சாய்ந்து திரும்பும்போது 60 நொட்டிலேயே வந்துவிடும், 60 பாகையில் 70 நொட்டில். அவர் கையில் இருப்பதோ 65. ஒரு இறக்கை தூக்குவதை விட்டுவிடும், விமானம் அந்தப் பக்கமாகப் புரண்டு மூக்கைக் குத்தும். 3,000 அடியில் என்றால் மீட்டெடுக்கலாம், அதைப் பழக்கியும் விடுகிறோம். 200 அடியில் மீட்க உயரமே இல்லை.

அதனால்தான் நாங்கள் சொல்லிக்கொடுப்பது: குறைந்த உயரத்தில் எஞ்சின் நின்றால் திரும்பாதே. மூக்கைத் தாழ்த்து, வேகத்தைக் காப்பாற்று, முன்னால் இருப்பதில் இறக்கு. இடமும் வலமும் 30 பாகைக்குள் எது கிடைத்தாலும் சரி. வயல், பாதை, பற்றைக்காடு, தண்ணீர். இறக்கை சமமாக, கட்டுப்பாட்டில், குறைந்த வேகத்தில் தரையைத் தொட்டால் விமானம் நொறுங்கினாலும் உள்ளே இருப்பவர்கள் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. புரண்டு குத்தினால் அந்த வாய்ப்புப் போய்விடும்.

மூன்றாம்நம்பர்மலை அண்ணே, இதில் பழசு புதுசு பெரிய விஷயம் இல்லை. அனுபவம்கூட சில நேரம் எதிராக வேலை செய்யும். "என்னால் முடியும்" என்று நினைக்கிறவர்தான் திரும்பப் பார்ப்பார்.

மூன்றாம்நம்பர்மலை | பொகவந்தலாவ

விளக்கத்துக்கு நன்றி தம்பி. ஆனால் திரும்பி வந்து பத்திரமாக இறக்கியவர்களும் இருக்கிறார்களே? அவர்களுக்கு மட்டும் எப்படி முடிந்தது?

வானோடி

உயரம் இருந்திருக்கும். 1,000 அடிக்கு மேலே போய்விட்டால் கணக்கு வேறு. எந்த உயரத்துக்குக் கீழே திரும்பக்கூடாது என்பது விமானத்தையும் காற்றையும் பாதையின் நீளத்தையும் பொறுத்தது. நல்ல பள்ளியில் அதை ஓடுபாதையில் நுழையுமுன் மாணவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "இந்த உயரத்துக்குக் கீழே எஞ்சின் நின்றால் நேரே, அந்த வயலில். அதற்கு மேலே என்றால் இடப்பக்கம் திரும்புவேன்." வானத்தில் யோசிக்க நேரமில்லை என்பதால் தரையிலேயே முடிவெடுத்து வைக்கிறோம்.

2009 ஜனவரி 15 நியூயோர்க்கில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். பெரிய விமானம், 155 பேர், 3,000 அடிக்குக் கொஞ்சம் கீழே பறவைக்கூட்டம் மோதி இரண்டு எஞ்சினும் போனது. அவ்வளவு உயரத்திலும் அந்த விமானி புறப்பட்ட பாதைக்குத் திரும்பவில்லை. ஹட்சன் ஆற்றில் இறக்கினார், எல்லாரும் பிழைத்தார்கள்.

எஞ்சின்கை | கட்டுநாயக்க

பராமரிப்புப் பக்கம் வேலை செய்கிறவன் நான். எஞ்சின் ஏன் சரியாக அந்த நேரத்தில் நிற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏறும்போதுதான் எஞ்சின் முழு மூச்சாக வேலை செய்கிறது. எரிபொருளை அதிகமாக இழுப்பதும் அப்போதுதான். தாங்கியின் அடியில் தண்ணீர் இருந்தால் ஓடுபாதைக்கு மெதுவாக உருட்டிக்கொண்டு போகும்வரை தெரியாமலே இருக்கலாம். முழு வேகம் கொடுத்து மூக்கைத் தூக்கியதும் அந்தத் தண்ணீர் குழாய்க்கு வரும்.

அதற்காகவே ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன்னும், எரிபொருள் நிரப்பிய பிறகும், இறக்கைக்குக் கீழே உள்ள சிறு வால்வை அமுக்கி ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் வடித்துப் பார்ப்போம். விமானப் பெற்றோல் 100எல்எல் என்றால் இளநீலமாக இருக்கும். தண்ணீர் இருந்தால் நிறமில்லாமல் அடியில் தனியே உருண்டு நிற்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். குவளை முழுக்கத் தண்ணீராகவே வந்துவிட்டால் கோடு தெரியாது, அவசரக்காரர்கள் ஏமாறுவது அங்கேதான். அதனால் நிறத்தையும் பார்க்க வேண்டும், மணத்தையும் பார்க்க வேண்டும். ஈரமான இடத்தில் பாதித் தாங்கியோடு இரவு முழுக்க நிறுத்தி வைத்தால் உள்ளே பனி கட்டித் தண்ணீராக இறங்கும். நம் மலைப்பக்கக் குளிருக்கு இது இன்னும் பொருந்தும்.

எரிபொருளையும் காற்றையும் கலக்கும் காபரேட்டருக்குள் ஐஸ் பிடிப்பதும் உண்டு. 20 பாகை வெயிலில்கூட, காற்றில் ஈரம் இருந்தால் போதும். இதைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள்.

ஆனால் எல்லாமே எஞ்சின் இல்லை. எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்த விமானங்களும் நிறைய. அளவுக்கு மீறிய பாரம், பின்பக்கம் குவிந்த சுமை, இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப் பலகையைத் தவறாக வைப்பது. விமானியின் இருக்கை தண்டவாளத்தில் சரியாகப் பூட்டாமல், மூக்கு எழும்பிய நொடியில் பின்னால் வழுக்கிப் போய், அவர் பிடித்திருந்த கட்டுப்பாட்டையும் சேர்த்து இழுத்துவிடுவது. செஸ்னாக்களில் இது நடந்திருக்கிறது. அதனால்தான் இருக்கையில் உட்கார்ந்ததும் முன்னும் பின்னும் உடம்பை ஆட்டிப் பார்க்கச் சொல்கிறோம்.

நிறுத்தி வைத்திருக்கும்போது வாலிலும் இறக்கையிலும் உள்ள கட்டுப்பாட்டுப் பலகைகள் காற்றுக்கு ஆடாமல் இருக்கப் போடும் பூட்டைக் கழற்ற மறந்து ஏறுவதும் உண்டு. 1935 ஒக்டோபர் 30, அமெரிக்காவில் போயிங் அன்றைக்குப் புதிதாகச் செய்த 4 எஞ்சின் குண்டுவீச்சு விமானம் அப்படித்தான் ஏறிய உடனே விழுந்தது. விமானிகள் இருவர் இறந்தார்கள். அனுபவத்தில் குறைந்தவர்கள் இல்லை. அதற்குப் பிறகுதான் விமானிகள் சரிபார்ப்புப் பட்டியலைக் கையில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கும் வழக்கம் ஊன்றியது. தங்கச்சி, உங்கள் தம்பி அந்தப் பட்டியலை மனப்பாடம் என்று காட்டிக்கொள்ளாமல் ஒவ்வொரு நாளும் வாசிக்கிற ஆளா என்று பாருங்கள்.

நோர்ட்டன்மாஸ்டர் | நோர்ட்டன் பிரிட்ஜ்

விமானம் என்ற பேச்சு வந்தால் எங்கள் ஊரில் 1974 வராமல் இருக்காது. டிசெம்பர் 4. அப்போது நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர். இரவு 10 மணி சொச்சம், குளிருக்கு எல்லாரும் கதவைச் சாத்திப் படுத்த நேரம். இடி என்றுதான் நினைத்தோம். பிறகு ஏழு கன்னியர் மலைப்பக்கம் வெளிச்சம் தெரிந்ததாகச் சிலர் சொன்னார்கள்.

இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து மக்காவுக்குப் போக வந்த ஹஜ் பயணிகள் 182 பேர், சிப்பந்திகள் 9 பேர். 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. மார்ட்டின் எயார் டிசி-8 விமானம், கட்டுநாயக்கவில் இறங்க வந்தது. அங்கே இன்னும் 70 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போதே, தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்துக் கீழே இறங்கிவிட்டார்கள்.

விடிந்ததும் ஏறியவர்கள் தோட்டத்து ஆட்கள்தான். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் கவ்வாத்துக் கத்தியோடு காட்டை வெட்டி வழி செய்துகொண்டு போனார்கள். மழை ஈரம், அட்டை, செங்குத்துப் பாறை. பார்த்துவிட்டு வந்தவர்களில் ஒருவர் நாலைந்து நாள் சாப்பிடவே இல்லை. என் பக்கத்து லயனில் இருந்தவர் அவர். அந்தப் பயணிகளின் பெயரும் மொழியும் எங்களுக்குத் தெரியாது, ஆனாலும் கோயிலில் அவர்களுக்காக விளக்கு வைத்தோம். இன்றைக்கும் நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவுச்சின்னம் இருக்கிறது, அந்த விமானத்தின் சக்கரம் ஒன்றும் இருக்கிறது.

இது பெரிய விமானம், இறங்க வந்தது. நீங்கள் கேட்பதோ ஏறும்போது விழுவது. இழையை வேறு பக்கம் இழுக்க வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

வானோடி

மாஸ்டர் ஐயா, எழுதியதற்கு நன்றி. எங்கள் அப்பாவும் அந்த இரவைச் சொல்வார். அந்த விமானம் நன்றாகப் பறந்துகொண்டே மலையில் மோதியது. ஏறும்போது விழுவது பறக்கும் திறனையே இழந்து விழுவது. காரணங்கள் வேறு. ஆனால் மலைநாட்டில் இரண்டும் ஒரு இடத்தில் சந்திக்கின்றன: கீழே தட்டையான நிலம் இல்லை.

ஊவாக்காரி | அப்புத்தளை

2020 ஜனவரி 3 காலை எங்கள் ஊரில் விழுந்ததை யாரும் சொல்லவில்லையே. வீரவிலவிலிருந்து ரத்மலானைக்குப் போய்க்கொண்டிருந்த விமானப்படையின் வை-12. நான்கு பேர், நால்வரும் இறந்தார்கள். 9 மணி தாண்டியிருக்கும், பிள்ளைகளின் உடுப்பைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடியவர்களில் நானும் ஒருத்தி. தாதி என்பதால் ஏதாவது செய்யலாம் என்று போனேன், செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

அன்றைக்கு என்னை அதிகம் வருத்தியது வேறு. அவர்களின் வீடுகளுக்குச் செய்தி போகுமுன்னே படங்கள் போய்விட்டன. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு கிட்டப் போனார்கள். ஒரு தாய் தன் மகனை முதலில் பார்ப்பது வட்ஸ்அப்பிலா இருக்க வேண்டும்? இந்த இழையிலும் சற்று முன் ஒருவர் சீனக்குடாப் படம் என்று ஒன்றைப் போட்டிருக்கிறார். தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

மட்டுறுத்துநர்

படத்தை நீக்கியிருக்கிறேன், போட்டவருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். இறந்தவர்களின் படம், பெயர், குடும்ப விவரம் எதுவும் இந்த இழையில் வேண்டாம்.

கொத்மலைஓரம் | றம்பொடை

நான் தங்குமிடம் நடத்துகிறவன். எல்லாரும் பயத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் இன்னொரு பக்கத்தைச் சொல்கிறேன். கட்டுநாயக்கவில் இறங்கும் பயணி நுவரெலியாவுக்கு வந்து சேர அரை நாள் போகிறது. அவசர நோயாளியைக் கண்டிக்குக் கொண்டுபோவதற்குள் வளைவிலேயே உயிர் போன கதைகள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்து மண் சரிந்து பாதைகள் மூடிக் கிடந்தபோது வானத்தால்தானே சாமான் வந்தது? மலையகத்துக்கு ஒரு சிறு விமானப்பாதை வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு? ஆபத்து பஸ்ஸிலும்தான் இருக்கிறது.

வானோடி

அண்ணே, கேட்பதில் தவறே இல்லை. கோரிக்கை நியாயமானது. நானும் அந்த வளைவுகளில் வளர்ந்தவன்தான். ஆனால் பாதை கேட்பவர்கள் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்: 300 அடியில் எஞ்சின் நின்றால் எங்கே இறக்குவது? மட்டக்களப்பில் வயல் இருக்கிறது, கொக்கலையில் வாவியும் கடலும் இருக்கின்றன. நம் பக்கம் முன்னால் இருப்பது தேயிலைச் சரிவு, சவுக்கும் யூக்கலிப்டசும், உயரழுத்த மின்கம்பி, லயன் வீடுகள். "நேரே இறக்கு" என்று சொல்லிக்கொடுக்கிறோம் என்று மேலே எழுதினேன். நுவரெலியாவில் நின்று அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

காற்றின் கதையும் இருக்கிறது. நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீட்டர், 6,100 அடி. அந்த உயரத்தில் சாதாரணக் கணக்குக்கு வெப்பம் 3 பாகை இருக்க வேண்டும். வெயில் நேரத்தில் 20 பாகை இருந்தால், எஞ்சினுக்கும் இறக்கைக்கும் அது 8,000 அடிக்கு மேலே உள்ள மெல்லிய காற்று. சாதாரணப் பிஸ்டன் எஞ்சின் 1,000 அடிக்கு 3 சதவீதம் அளவில் பலத்தை இழக்கும், அதாவது கால்வாசிப் பலம் கடலோரத்திலேயே தங்கிவிடுகிறது. ஓட வேண்டிய தூரம் கூடுகிறது, ஏறும் வேகம் குறைகிறது. எதிரே மலையோ ஏறிக்கொண்டே போகிறது. மலைமுகட்டைத் தாண்டி வரும் காற்று மறுபக்கம் கீழ்நோக்கிக் கொட்டும். அதற்குள் மாட்டினால் முழு பலம் கொடுத்தும் விமானம் இறங்கும். தென்மேற்குப் பருவத்தில் கினிகத்தேனைப் பக்கமிருந்து மேகம் ஏறிவரும் வேகத்தைப் பஸ்ஸில் இருந்து பார்த்தவர்களுக்கே தெரியும். இந்தக் கரையில் வெயில், திரும்பிப் பார்ப்பதற்குள் அந்தக் கரை காணாமல் போயிருக்கும்.

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தண்ணீரில் இறங்கும் செஸ்னா கேரவன் வந்து போனது பலருக்கு நினைவிருக்கும். அது கொஞ்சம் புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஏறும்போது எஞ்சின் நின்றால் கீழே இன்னும் தண்ணீர்தான், மறுபடி அதிலேயே உட்காரலாம். நீர்த்தேக்கம் முடிந்து சரிவு தொடங்கும் இடத்தில் எவ்வளவு உயரம் கையில் இருக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி. காற்றில்லாமல் நீர் அசையாமல் கிடந்தால் மிதவைகள் தண்ணீரை விட்டுக் கிளம்பவும் நேரம் எடுக்கும்.

நோயாளிக்கும் புயலுக்கும் ஹெலிகொப்டர்தான் பொருத்தம். அதுவும் இலவசமாக வருவதில்லை. அதே டித்வா நிவாரணத்துக்குப் பறந்த பெல் 212 ஒன்று லுணுவிலவில் விழுந்து அதன் விமானி உயிரிழந்தார். மலைக்குச் சாமான் வந்தது என்று நாம் சொல்லும்போது அவரையும் நினைக்க வேண்டும்.

கொத்மலைஓரம்

அப்படியானால் நேபாளத்தில் லுக்லா விமான நிலையம் எப்படி ஓடுகிறது? அதுவும் மலைதானே, நம்முடையதைவிட உயரம்.

எஞ்சின்கை

இதை நான் சொல்கிறேன். லுக்லா 2,800 மீட்டருக்கு மேலே, பாதை 527 மீட்டர்தான். ஆனால் அந்தப் பாதையே 11 சதவீதத்துக்கு மேல் சரிவு. மேல்நோக்கி இறங்குவார்கள், கீழ்நோக்கி ஏறுவார்கள். பாதை முடியும் இடத்தில் பள்ளத்தாக்கு அப்படியே கீழே விழுகிறது. சக்கரம் தரையை விட்ட மறு நொடியே விமானத்துக்குக் கீழே நூற்றுக்கணக்கான அடி வந்துவிடும். போவதும் குறுகிய பாதைக்கென்றே செய்த இரட்டை எஞ்சின் டர்போ விமானங்கள். அப்படியிருந்தும் அங்கே விபத்துகள் நடந்திருக்கின்றன.

லுக்லாவுக்குக் கிளம்பிய ஒரு விமானத்தின் கதையை இங்கே எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2012 செப்டெம்பர் 28, காத்மாண்டு. சீதா எயார் டோனியர் 228, 19 பேர். ஏறிய கையோடு விழுந்து எல்லாரும் இறந்தார்கள். அன்றைக்கே உலகம் முழுக்கச் செய்தி: கழுகு மோதி எஞ்சின் போய்விட்டது. விசாரணையில் எஞ்சினுக்குள் பறவை போன தடயம் கிடைக்கவில்லை. பாதுகாப்பாக ஏறத் தேவையான வேகம் வராமலேயே விமானம் எழும்பி, இருந்த வேகத்தையும் இழந்து, தூக்கும் பலம் போய் விழுந்தது என்பதுதான் முடிவு. பறவையில் நின்றிருந்தால் அந்த வேகத்தைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

இரண்டு எஞ்சின் என்பதும் முழு உத்தரவாதம் இல்லை. ஒன்று நின்றால் மற்றது விமானத்தை ஒரு பக்கமாகத் திருப்பும். வேகம் குறைவாக இருந்தால் அந்தத் திருப்பத்தைக் காலால் அடக்க முடியாமல் புரண்டுவிடும். உடனே காலை மிதிக்கவும், நின்ற எஞ்சினின் விசிறி இதழ்களைக் காற்றைத் தடுக்காதபடி திருப்பி வைக்கவும் பழகியவருக்குத்தான் இரண்டாவது எஞ்சின் உதவும்.

லயன்சட்டம் | தலவாக்கலை

சட்டம் படிக்கிறேன், விசாரணை பற்றிச் சுருக்கமாக. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பின்படி விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது. யார் குற்றவாளி என்று முடிவு கட்டுவது அதன் வேலை இல்லை. முதல்நிலை அறிக்கை 30 நாளில், இறுதி அறிக்கை முடிந்தால் 12 மாதத்துக்குள். அதுவரை வரும் "சதி", "விமானி தூங்கிவிட்டார்" எல்லாம் வெறும் வாய்.

ஆனால் அந்த விதிகள் சிவில் விமானங்களுக்குத்தான். சீனக்குடாவும் அப்புத்தளையும் விமானப்படை விமானங்கள், படை தன் விசாரணையைத் தானே நடத்துகிறது. இரகசியம் வேண்டிய இடங்கள் இருக்கலாம். ஒரு பயிற்சி விமானத்தின் எஞ்சினில் என்ன இரகசியம்? அதே மாதிரிப் பிடி-6 ஒன்று 2020 டிசெம்பரில் கந்தளாய்ப் பக்கம் விழுந்து பயிற்சி விமானி ஒருவர் இறந்தார். மூன்று வருடத்துக்குள் மறுபடி ஒன்று. தொழில்நுட்பக் காரணத்தை மட்டுமாவது அந்தக் குடும்பங்களுக்கும் மற்றப் பயிற்சிப் பள்ளிகளுக்கும் முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சின்ன விமானங்கள் பலவற்றில் கறுப்புப் பெட்டியே இருப்பதில்லை. அதனால் கிடைக்கும் கொஞ்சத் தகவலும் வெளியே வருவது இன்னும் முக்கியம்.

தேயிலைச்சரிவு

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த 25 செக்கன் கணக்கை இரண்டாவது தரமும் வாசிக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: "அந்த முதல் நாலு செக்கன் பிள்ளை திகைச்சு நிண்டா?" வானோடி அண்ணா, இதற்கு என்ன சொல்வது?

வானோடி

தங்கச்சி, திகைப்பான் என்றே சொல்லுங்கள். எல்லாரும் திகைப்பார்கள். பயிற்சி அதைக் குறைக்கத்தான். ஏறிக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் பயிற்றுநர் எஞ்சின் பலத்தைக் குறைப்பார். மாணவரின் கை யோசிக்காமல் மூக்கைத் தாழ்த்துகிறதா என்று பார்ப்பார். முதல் தடவை யாருக்கும் வராது, பலர் மூக்கை இழுக்கத்தான் பார்ப்பார்கள். திரும்பத் திரும்பச் செய்தால் வரும்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது இதைக் கேளுங்கள்: தனியாகப் பறக்க விடுமுன் இதை எத்தனை தடவை பழக்குவீர்கள், எந்த உயரத்தில், எந்த நிலைக்கு மேல் காற்று அடித்தால் பறப்பை நிறுத்துவீர்கள். பராமரிப்புப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அந்த இடம் வேண்டாம். மாணவன் "இன்றைக்கு மேகம் சரியில்லை, நான் ஏறவில்லை" என்று சொன்னால் அங்கே அவனுக்கு மரியாதை கிடைக்குமா என்பதையும், அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள். தம்பி சேர வேண்டும் என்றுதான் எனக்கு விருப்பம். மலையகத்திலிருந்து இந்தப் பக்கம் வருகிறவர்கள் மிகக் குறைவு.

ஊவாக்காரி

இன்னொரு விஷயம் கேட்க வேண்டும். 1974இலும் சரி, 2020இலும் சரி, முதலில் போய்ச் சேர்ந்தது ஊர் ஆட்கள். நாளைக்கு எங்காவது தோட்டத்துக்குள் சிறு விமானம் விழுந்தால் முதலில் ஓடுகிறவர்கள் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது?

எஞ்சின்கை

அக்கா, நல்ல வேளை கேட்டீர்கள். ஓடும்போதே ஒருவர் 119க்கும் 1990 சுவசெரியவுக்கும் அழைக்கட்டும். மலையில் இடத்தைச் சொல்வதுதான் பெரிய பாடு. தோட்டத்தின் பெயர், டிவிஷன், பக்கத்துக் கோயில் அல்லது பெக்டரி, வாகனம் எதுவரை வரும் என்பதைச் சொல்லுங்கள்.

காற்று அடிக்கும் பக்கமிருந்து போங்கள், புகைக்கு எதிரே போகாதீர்கள். சரிவு என்றால் மேலிருந்து அணுகுங்கள், எரிபொருள் கீழ்நோக்கி ஓடும். பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது. மின்கம்பி அறுந்து கிடந்தால் மின்சார சபை வரும்வரை யாரையும் கிட்ட விடாதீர்கள். ஆள் உயிரோடு இருந்து தீ இல்லையென்றால், கழுத்தும் முதுகும் அசையாமல் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுங்கள். தீ பிடித்தால் மட்டும் எப்படியாவது வெளியே இழுங்கள். அங்கே கழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. சில புதிய சிறு விமானங்களின் உடம்புக்குள் ரொக்கெட்டால் வெளியே பாயும் பரசூட் இருக்கும். வெடிக்காமல் கிடந்தால் அது ஆளைக் கொல்லும். எச்சரிக்கை ஒட்டியிருக்கும் இடத்தைத் தொடாதீர்கள், வெட்டாதீர்கள்.

தெறித்துக் கிடக்கும் துண்டு எதையும் எடுக்கவோ ஓரமாக ஒதுக்கவோ கூடாது. ஒரு சுவிட்ச் எந்தப் பக்கம் நின்றது, விசிறியின் இதழ் எப்படி வளைந்தது என்பதிலிருந்துதான் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா இல்லையா என்று கண்டுபிடிப்பார்கள். மேலே பறக்கும்போதே யாராவது வீடியோ எடுத்திருந்தால் குழுக்களில் போடாமல் விசாரணைக்கு வருகிறவர்களிடம் கொடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருங்கிப் போகும், சத்தத்திலிருந்து எஞ்சினின் வேகத்தைக் கணிக்கிற வேலைக்கு அது உதவாது. போனில் உள்ள மூல வீடியோவை அழிக்காமல் அப்படியே வைத்திருந்து கொடுக்க வேண்டும்.